லியோனார்டோவின் பந்தி

நம் இல்லங்கள் பலவற்றின் உணவறைச் சுவரில் இறுதி இராவுணவுப் படம் ஒன்று தொங்கும். நாள்தோறும் பார்ப்பதாலேயே அதனை நாம் உற்றுநோக்கத் தவறுகிறோம். அப்படங்கள் பலவற்றுக்கு மூலமான ஓவியத்தை லியோனார்டோ டா வின்சி 1495-ஆம் ஆண்டளவில் தொடங்கி 1498-ஆம் ஆண்டளவில் முடித்தார். மிலான் நகரில் புனித சாமிநாதர் சபைத் துறவியர் உணவருந்திய அறையின் சுவரில் அது தீட்டப்பட்டது.

ஓவியர், பொறியாளர், உடற்கூற்று ஆய்வாளர் என அவரைப் பலராகப் பிரித்துப் புகழ்வது உலக வழக்கு. நம் கருத்தில், உற்றுநோக்கல் என்னும் ஒரே பணியையே அவர் எல்லாத் துறைகளிலும் செய்தார். சுழித்தோடும் நீரை வரைந்தபோது, அது கூந்தலின் சுருளை ஒத்திருப்பதைக் குறித்து வைத்தார். இதயத்தினின்று புறப்படும் குருதியின் சுழற்சியைக் கண்ணாடிக் குழாயில் நீரும் புல்விதையும் இட்டு ஆராய வழி கண்டார்.

அதே நோக்கு இவ்வோவியத்திலும் உண்டு. பிளாரன்சில் கிர்லாந்தாயோ 1480-இல் வரைந்த இராவுணவில் யூதாசு மேசையின் இப்புறம் தனியே அமர்ந்திருக்கிறான். எவரும் அவனை எளிதில் இனங்காணலாம். லியோனார்டோவோ அவனைப் பேதுரு, யோவான் ஆகியோருடன் ஒரே வரிசையில் அமர்த்துகிறார். காட்டிக்கொடுப்பவன் இப்பந்தியிலேயே இருக்கிறான் என்று இயேசு அறிவித்த நொடி அது. சீடர்கள் அதிர்கின்றனர், யூதாசு பணப்பையைப் பற்றியவாறு பின்சாய்கிறான். அறையின் கோடுகள் யாவும் வந்து கூடும் இடத்தில் இயேசு மட்டும் அமைதியாக இருக்கிறார். தீமை நம் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறது என்னும் இவ்விளக்கம் நம் மறையுரைகள் பலவற்றை விஞ்சுவதாகும்.

குறையும் உண்டு. ஈரச் சுண்ணச்சாந்து உலருமுன் விரைந்து தீட்டுவதே அந்நாளைய சுவரோவிய முறை. நிதானித்துத் திருத்த விரும்பிய லியோனார்டோ, உலர்ந்த பூச்சின்மேல் முட்டையும் எண்ணெயும் கலந்த வண்ணங்களைத் தீட்டினார். அவை சுவரோடு ஒன்றவில்லை. அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கின. 1652-இல் அச்சுவரில் வாயில் வெட்டியபோது இயேசுவின் பாதங்களும் மறைந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து 1999-இல் முடிந்த சீரமைப்பு, எஞ்சியதைக் காத்தது.

அவரது ஆய்வு மனமே கலையைக் கெடுத்தது என்பாருண்டு. நாம் அதனை ஏற்கவில்லை. விரைந்து தீட்டியிருந்தால் வண்ணம் நிலைத்திருக்கும், அம்முகங்கள் பிறந்திரா. நீரையும் குருதியையும் பொறுமையோடு ஆராய்ந்தவர் சுவரின் இயல்பைப் போதிய அளவு ஆராயவில்லை என்பதே நாம் காணும் குறை.

இன்றிரவு உணவுக்கு அமருமுன், நம் வீட்டுப் படத்தில் யூதாசு எங்கே அமர்ந்திருக்கிறான் என்று ஒருமுறை தேடிப் பார்ப்போம்.