விதை, வயல், ஊடகம்

'கல்ச்சர்' என்பதைப் 'பண்பாடு' என்று மொழிபெயர்த்துப் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். கருத்தரிப்பு ஆய்வகத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: 37 டிகிரி வெப்பம், 5 முதல் 6 சதம் கார்பன் டை ஆக்ஸைடு, உப்புகளும் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் புரதமும் கலந்த ஒரு துளித் திரவம். அதற்குள் 3 நாளோ 5 நாளோ கரு வளர்கிறது. திரவத்தின் பெயர் 'மீடியம்', அதாவது ஊடகம். ஊடகம் வெறுமனே கடத்துகிறதா, கடத்துவதையே மாற்றிவிடுகிறதா என்று பத்திரிகையையும் டி.வி.யையும் பார்த்து நாம் கேட்ட கேள்வி இங்கே உடல் சம்பந்தப்பட்டதாகிறது.

மனுவின் 9ஆம் அத்தியாயம் பெண்ணை வயலாகவும் ஆணை விதையாகவும் வைத்து, விதையே உயர்ந்தது என்கிறது. இன்றைய மரபணுக் கதையாடலும் இதிலிருந்து வெகுதூரம் நகர்ந்துவிடவில்லை என்றே எனக்குப் படுகிறது. தாயின் பங்கையும் விதைக்குள் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். எல்லாம் உள்ளே எழுதியாயிற்று, வயல் எதுவானால் என்ன? 1978இல் லூயிஸ் பிரவுன் பிறந்ததும் வயலின் முதல் நாட்களை ஒரு தட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

ஆனால் வயல் சும்மா கிடப்பதில்லை. ஆய்வகத்தில் வளர்த்த ஆட்டுக் கருக்களும் மாட்டுக் கருக்களும் சில சமயம் அளவுமீறிப் பெரிய குட்டிகளாகப் பிறந்ததை 1990களிலேயே கண்டார்கள். ஊடகத்தில் சேர்த்த சீரத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. மனிதக் கரு பற்றி 2016இல் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 836 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, எச்டிஎஃப், ஜி5 என்ற இரண்டு ஊடகங்களில் கருக்களை வளர்த்தார்கள். ஜி5இல் வளர்ந்தவை கருப்பையில் பதிவது கூடுதலாக இருந்தது. ஆனால் ஒற்றையாகப் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 158 கிராம் குறைந்தது.

158 கிராம் ஒரு நோய் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சில நாட்களின் தடம் பிரசவம் வரை அழியாமல் வருகிறது என்பதற்கு அது சாட்சி. அப்படியானால் எந்த ஊடகம் 'சிறந்தது'? பதிவதை எண்ணினால் ஒன்று, எடையை நிறுத்தால் மற்றொன்று. வெற்றி என்ற சொல்லுக்கு யார் பொருள் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆக, இது அறிவியலோடு முடிகிற கேள்வி இல்லை.

இந்தத் திரவங்களின் முழு அளவுக் கணக்கைத் தயாரிக்கிற கம்பெனிகள் பொதுவாக வெளியிடுவதில்லை; வணிக ரகசியம். 2023 டிசம்பரில் ஓர் அமெரிக்க நிறுவனம் மூன்று தொகுதி ஊடகத்தைத் திரும்பப் பெற்றது. அதில் மக்னீசியம் விட்டுப்போயிருந்தது. வழக்குகள் வந்தன. வெளியே தெரிந்தது இது.

சிகிச்சை தோற்றால் பெண்ணிடம் என்ன சொல்கிறார்கள்? "உங்க உடம்பு ஏத்துக்கலை." தட்டிலிருந்த நாட்களுக்கும் சேர்த்து அவள் உடம்பே பழி சுமக்கிறது. பெண் உடல் பற்றி இத்தனை எழுதிய நாம் இங்கே கேட்க வேண்டியது மிகச் சாதாரணமானது: எந்த ஊடகம், அதில் என்ன இருக்கிறது, எத்தனை நாள், எவ்வளவு ஆக்சிஜனில்? அவள் கையில் தருகிற காகிதத்தில் இவை இருக்க வேண்டும்.