கூடி முடிவு காணும் முறைகள்

பலர் கூடி ஒரு முடிவுக்கு வருவதற்கு மக்கள் கண்ட வழிகளுள் தலையாயவை மூன்று: பேசி இசைதல், சீட்டெடுத்தல், வாக்களித்தல். தமிழர் மேடைகளில் இவை மூன்றும் ஒன்றாகவே குழப்பப்படுகின்றன. உத்திரமேரூர்க் குடவோலையே இன்றைய தேர்தலுக்குத் தாய் என்று முழங்கிக் கைதட்டல் பெறுதல் எளிது. ஆயின், கல்வெட்டு கூறுவது அதுவன்று.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் அம்முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுத்தான். அதனை நடுவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படித்தார். பின்னர் அங்கிருந்த நம்பிமாரும் படித்தனர். இவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர்.

இதில் எவரும் எவருக்கும் வாக்களிக்கவில்லை என்பதே கருதத்தக்கது. இது சீட்டெடுப்பு. யார் பணிபுரிவது என்பதை மட்டுமே குடம் சொல்லிற்று. ஏரியைத் தூர்வாரலாமா வேண்டாமா என்பதை அது சொல்லவில்லை. மேலும், குடத்துள் எல்லார் பெயரும் புகவில்லை. அவ்வூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையோரே தகுதி பெற்றனர். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி அகவை 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் குடவோலையின் பெருமை யாது? அது எந்த அச்சத்திற்கு மருந்து என்பதில் உள்ளது. கட்சி கட்டுதலும், உறவினர்க்குச் சலுகை காட்டுதலும், ஒருவரே பதவியில் ஒட்டிக்கொள்ளுதலும் ஊரைக் கெடுக்கும் என்று அச்சபை அஞ்சிற்று. ஆகவே முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் விலக்கப்பட்டார். கணக்குக் காட்டாதவரும் அவர் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். சீட்டெடுக்கும்போது மகாசபை இளையார் முதியார் அனைவருடனும் கூடியிருத்தல் வேண்டும். ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரையும் விடாமல் மண்டபத்தில் இருத்துதல் வேண்டும் என்றும் விதித்தனர். எவரும் "நான் காணவில்லை" என்று பின்னர் கூற இயலாதபடி செய்ததே அம்முறையின் உயிர்நிலை.

இதன் அருமையை அறியப் பேராக் மாநிலத்தின் வரலாறே போதுமானது. 1871இல் சுல்தான் அலி மறைந்தபோது, இராஜா மூடாவாக இருந்த அப்துல்லா இறுதிச் சடங்கிற்கு வரவில்லை. கூடியிருந்த பெருந்தலைவர்கள் இஸ்மாயிலைச் சுல்தானாகத் தேர்ந்தனர். வராதவர் அம்முடிவை ஏற்கவில்லை. 1874 சனவரி 20ஆம் நாள் பங்கோரில் ஆளுநர் சர் ஆண்ட்ரு கிளார்க் முன்னிலையில் நடந்த கூட்டத்தில் அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். இம்முறை வராதவர் இஸ்மாயில். அரசுச் சின்னங்களை அவர் கைவிடவில்லை. மறு ஆண்டு நவம்பரில் ஆங்கில ஆலோசகர் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அக்கொலைக்கு வரியும் அடிமை வழக்கும் முதலாகிய பிற காரணங்களும் உண்டு. எனினும் ஒருமனப்பாடு இல்லாத நாட்டில்தான் அது நிகழ்ந்தது.

அதே பங்கோரில் மற்றொரு வழக்கும் தீர்ந்தது. லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக ஆண்டுக்கணக்கில் போரிட்ட ஹை சான், கீ ஹின் என்னும் சீனக் குழுக்களின் பூசல் அது. அதனைத் தீர்க்க அமைந்த ஆணைக்குழுவில் ஆங்கில அதிகாரிகளுடன் இரு தரப்புத் தலைவர்களும் அமர்ந்தனர். கிளியான் பாவ் ஹை சானுக்கும், கமுந்திங் கீ ஹினுக்கும் என எல்லை வகுக்கப்பட்டது. கிளியான் பாவே பேரமைதி எனப் பொருள்படும் தைப்பிங் ஆயிற்று. 1877இல் தோன்றிய பேராக் அரசு மன்றத்தில் அவ்விரு தலைவர்களும் உறுப்பினராக அமர்ந்தனர். ஓரிடத்தில், ஒரே காலத்தில் எடுத்த இரு முடிவுகளுள் இரு தரப்பும் அமர்ந்தது நிலைத்தது. ஒரு தரப்பு இல்லாதது நிலைக்கவில்லை.

மூன்றாவது முறையாகிய வாக்களிப்பு வேறோர் அச்சத்திற்கு மருந்து. வலியவர் பார்த்திருக்க எளியவர் கை உயர்த்த அஞ்சுவர். கங்காணியும் கிராணியும் நிற்கும் இடத்தில் உயர்ந்த கைகளை எண்ணினால், கிடைப்பது மக்கள் கருத்தன்று. அவர்களுடைய அச்சத்தின் அளவே. ஆதலால் வேலைநிறுத்தம் போன்றவற்றிற்குச் சட்டம் இரகசிய வாக்கெடுப்பை விதிக்கிறது. மலேசியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஒன்பது அரசர்களும் இரகசியமாகவே வாக்களிக்கின்றனர். சீட்டில் எண் இராது, மையும் ஒன்றே. குறைந்தது ஐவர் இசைந்தாலன்றித் தேர்வில்லை. வர இயலாத அரசர் தமக்காக மற்றோர் அரசரை வாக்களிக்கச் செய்யலாம். 1871இலும் 1874இலும் பேராக் விட்ட குறையை இவ்விதி நிறைவு செய்கிறது எனலாம்.

ஆகவே எம்முறை உயர்ந்தது என்று பொதுவில் வினவுதல் பயனற்றது. எந்நோய்க்கு எம்மருந்து என்பதே வினா. ஆள்களைப் பொறுக்குவதில் கட்சிப் பூசல் மிகுந்தால் சீட்டு நன்று. அச்சம் மிகுந்தால் மறைவான வாக்கு நன்று. நாளையும் ஒரே இடத்தில் வாழவேண்டிய இருவரிடையே எல்லை வகுப்பதாயின் பேசி இசைதலே நன்று. கோயில் நிர்வாகக் குழுவிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் ஆண்டுதோறும் காணும் பிளவுகள் பல, வாக்கெண்ணிக்கையில் பிழை நேர்ந்ததால் வந்தவையல்ல. பாதிப்பேர் வாராத நாளில் கூட்டம் நடத்தி, வந்தோர் கையை எண்ணி, "பெரும்பான்மை" என்று எழுதி முடித்ததால் வந்தவை.

ஒரு முறையின் தரத்தை வென்றவரிடம் கேட்டு அறிய இயலாது. தோற்றவரிடமே கேட்டறிதல் வேண்டும். "எனக்கு இது பிடிக்கவில்லை, ஆயினும் முறையாக நடந்தது" என்று அவர் சொல்வாராயின் அம்முறை செம்மையானது. சோழர் காலத்து ஊரார் ஓலையைப் பலரும் படிக்கச் செய்தது இச்சொல்லைப் பெறுவதற்கே. குடவோலையைப் புகழ்வோர், அடுத்த பொதுக்கூட்டத்திற்கு அழைப்பு அனுப்பும்போது, எதிர்க்கருத்து உடையவரின் பெயரை முதலில் எழுதுவாராயின் அப்புகழுரை பொருளுடையதாகும்.