விளக்கு போட்டபின் தெரியும் நிறம்

படுக்கையறைச் சுவரை நாம் பார்ப்பது பெரும்பாலும் இரவில்தான். அதற்கு நிறம் தேடுவதோ பட்டப்பகலில், பெயின்ட் கடை வாசலில் ஷேடு கார்டை வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. தமிழ்நாடானாலும் யாழ்ப்பாணமானாலும் இதில் மாற்றமில்லை. அந்த அறையில் படுத்துத் தூங்கப்போகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். அந்த மற்றவர்கள் யார் என்பதில்தான் இரண்டு ஊரும் வேறுபடுகின்றன.

நம் பக்கத்தில் முதலில் பேசுவது வாஸ்து. கன்னிமூலை அறைக்கு மண் சார்ந்த நிறம், சிவப்பும் கறுப்பும் ஆகாது என்று கணக்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அடுத்து பெயின்டர். "போன மாசம் ஒரு வீட்ல இதே ஷேடுதான் சார் அடிச்சோம், அருமையா வந்துச்சு" என்பார். மூன்றாவதாகக் கடைக்காரர், கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் எந்த நிறமும் கலந்து தருவேன் என்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்களைக் கண்முன்னே விரித்தால் மனுஷன் மிரண்டுபோவான். கடைசியில் பெயின்டர் சொன்னதே நிற்கும்.

அடர் நிறங்களின் மேல் நமக்குள்ள ஆசையைச் சிலர் ரசனைக்குறைவு என்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. போகிக்கு முன்னால் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் நீலம் போட்டு, மட்டையால் வெள்ளையடித்த வீடுகள் நம்முடையவை. அன்று வெள்ளைச் சுவர் என்றால் பெயின்ட் வாங்க வசதியில்லை என்று பொருள். டிஸ்டெம்பர் வந்தபோது ரோஸும் கிளிப்பச்சையும் அறைக்குள் வந்தது, வீடு ஒரு படி ஏறிவிட்டது என்று ஊருக்குச் சொல்லத்தான். இன்றைக்குக் கட்டில் தலைமாட்டுச் சுவரை மட்டும் டார்க்காக அடிக்கும் பழக்கத்திலும் அந்தப் பெருமிதத்தின் மிச்சம் இருக்கிறது.

இலங்கையில் வெள்ளைக்கு அந்தக் குறை ஒட்டவில்லை. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் (1919–2003) வெள்ளைச் சுவர் வீடுகள் மேட்டுக்குடி ரசனையின் அடையாளமாகவே நின்றன. அது தலைநகரத்துக் கதை. யாழ்ப்பாணத்து அறைச் சுவர்கள் வெளிர் நிறத்திலேயே நிலைத்ததற்கு மண்ணிலும் போரிலும் காரணம் தேட வேண்டும்.

முதல் காரணம் உப்பு. தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி, மூன்று பக்கமும் கடல். சுவரில் ஏறும் ஈரம் உப்பையும் சேர்த்து இழுத்துவந்து மேற்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிறது. "டார்க் கலர் அடிச்சா உப்புப் பூக்கிறது வடிவாத் தெரியும் அண்ணை" என்று அங்கே பெயின்ற் அடிப்பவர் சொல்வது அனுபவ வார்த்தை. கரும்பச்சைச் சுவரில் முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பொடி திட்டுத்திட்டாகக் கண்ணில் குத்தும். கிறீம் நிறத்தில் அது மறைந்துகிடக்கும். சென்னையில் கடலோரமாகக் குடியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நாம் பட்டி பூசி மறைத்துவிடலாம் என்று நம்புகிறோம், ஓதம் நிற்காத சுவரில் பட்டியும் சேர்ந்து உதிர்கிறது.

இரண்டாவது காரணம் வெளிச்சம். 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றிக் கிடந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்தச் சிறு சுடரில் பிள்ளைகள் படித்தார்கள். சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள். உள்ளூர்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் அந்தத் துளி வெளிச்சத்தை வாங்கி அறை முழுக்கத் திருப்பித் தந்திருக்கும். அடர்நீலச் சுவராக இருந்தால் பாதியை விழுங்கியிருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது நாடு முழுவதும் மறுபடி மெழுகுதிரி ஏற்றியது. இப்படிப் பழகிய கண்கள் வெளிர் நிறத்தை விரும்புவதை ரசனை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

போருக்குப் பின் இந்திய அரசு அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில், வடக்கு கிழக்குக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் கிடைத்தது. அதை வைத்துப் பயனாளிகளே முன்னின்று கட்டினார்கள். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கூரைக்கும் பணம் கரைந்தது. பெயின்ற் கடைசி வரிசை. கையில் காசு வந்ததும் முன்பக்கத்துக்கும் விறாந்தைக்கும் நிறம் ஏறும், படுக்கையறை சீமெந்துச் சாம்பல் நிறத்திலேயே காத்திருக்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேறு கதை. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வருமுன் அறை தயாராக வேண்டும். ரொறன்ரோவிலிருந்து மகள் வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அம்மா, இந்தச் சாம்பல் கலர்தான் இப்ப எல்லாரும் அடிக்கினம்" என்கிறாள். பனிநாட்டு வெளிச்சத்தில் இதமாக இருந்த சாம்பல், யாழ்ப்பாணத்தில் பூசாத சுவர் போலத் தெரிகிறது. அவள் தங்குவது சில வாரம். வருடம் முழுக்க அந்த அறையில் படுப்பது அம்மா.

தரையையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் வழுவழுப்பான சிவப்பு சிமென்ட் தரை உண்டு. பகலில் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும்போது கிறீம் சுவரின் கீழ்ப்பாதி லேசான ரோஸாகிவிடும். அந்த அறைக்குப் பச்சை சாய்ந்த வெள்ளை எடுத்தால்தான் சுவர் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை டைல்ஸ் போட்ட அறைக்கு இந்தக் கவலை இல்லை.

நான் எல்லோரிடமும் மன்றாடிச் சொல்வது இதைத்தான். சின்ன டின் ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி, ஜன்னலோரச் சுவரிலும் அதற்கு எதிர்ச்சுவரிலும் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். காலையில் பாருங்கள், டியூப் லைட்டில் பாருங்கள், கடைசியாகப் படுத்துக்கொண்டு நைட் லாம்ப் வெளிச்சத்தில் பாருங்கள். நீல ஸீரோ வாட் பல்பின் கீழ் பீச் நிறம் அழுக்குச் சாம்பலாகும். மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் கிறீம் இன்னும் மஞ்சளாகும். நான்கு சுவரும் ஒன்றின் மேல் ஒன்று நிறத்தைத் தெறிப்பதால், கார்டில் பார்த்ததைவிட அறை அடர்த்தியாகவே வரும். பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். அந்த அறையில் தூங்குகிறவரைப் படுக்கவைத்துக் கேளுங்கள், அது பாட்டியானாலும் சரி, பத்து வயதுப் பையனானாலும் சரி.

பிள்ளைகள் படுக்கும் அறையென்றால் பழைய பெயின்ட்டையும் கவனியுங்கள். பளீர் மஞ்சளும் ஆரஞ்சும் எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயச் சேர்மங்களால் வந்த காலம் உண்டு. இலங்கை 2013 முதல் எமல்ஷனுக்கு 90 பிபிஎம், எனாமலுக்கு 600 பிபிஎம் என்று ஈயத்துக்கு வரம்பு வைத்தது. இந்தியாவில் 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயின்ட்டுகளுக்கு 90 பிபிஎம். அதற்கு முன் அடித்த சுவரையும் கதவையும் காய்ந்தபடி தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லி, தூசியை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை பிள்ளையை வேறு அறையில் படுக்கவையுங்கள்.