வெயில் தின்னும் டேஷ்போர்டு

டாட்சன் 240இசட் காரின் டேஷ்போர்டை அருகில் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகமானி, டாக்கோமீட்டர் என இரண்டு பெரிய வட்டங்கள். நடுவில், ஓட்டுபவர் பக்கம் முகம் திருப்பிய மூன்று சிறிய வட்டங்கள், ஒவ்வொன்றும் ஆழமான கறுப்புக் குழிக்குள். 1969இல் ஜப்பானில் அறிமுகமாகி, கலிஃபோர்னியா வெயிலுக்குக் கப்பலேறிய அழகு அது. விரிசலே இல்லாத ஒன்று இன்று கிடைப்பது அபூர்வம்.

உலோகச் சட்டத்தின் மேல் நுரை, நுரையின் மேல் மெல்லிய வினைல் தோல். வினைலை மிருதுவாக வைத்திருக்கும் ரசாயனம் சூட்டில் மெல்ல ஆவியாகும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மங்கலான படலத்தில் அதுவும் உண்டு. அது வற்ற வற்றத் தோல் சுருங்கி இறுகும். புற ஊதாக்கதிர் தன் பங்குக்கு அதை நொறுங்க வைக்கும். ஒருநாள் கோடைக் கண்மாய்போல வெடித்துவிடும்.

மூடிய காருக்குள் டேஷ்போர்டின் சூடு 70 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். ஆகவே நிழலுக்கு ஈடான மருந்து இல்லை. வெட்டவெளியில் நிறுத்த நேர்ந்தால் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளித்தாள் மறைப்பு வைக்கலாம். அளவாக வெட்டிய துணிவிரிப்பும் நல்லதே. துடைக்க மென்மையான சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். பளபளக்க வைக்கும் எண்ணெய்ப் பூச்சுகளை நான் விரும்புவதில்லை. வெடித்ததன்மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டுவதையும்தான். அந்தக் கருமைக்கு மங்கலான, ஒளி தெறிக்காத முகமே அழகு.