மற்றவர் வீட்டுக் கதையும் நம்மட வீட்டுக் கதையும்

சென்ற விடுமுறையில் டேவிட் எபர்ஷோஃப் எழுதிய 'த நைன்டீன்த் வைஃப்' என்ற ஆங்கில நாவலை வாசித்து முடித்தேன். 2008இல் வெளிவந்தது. மோர்மன் சபையின் தலைவர் பிரிகம் யங்கின் மனைவியரில் ஒருவராக வாழ்ந்து, 1873இல் அவரை விட்டு வெளியேறி வழக்குப் போட்ட ஆன் எலைசா யங்தான் இதன் நாயகி. கற்பனைப் பாத்திரமல்ல, 1875இல் தன் கதையைத் தானே நூலாக எழுதி வெளியிட்டவர்.

பாடசாலை இடைவேளையில் சக ஆசிரியைகளுக்குக் கதையைச் சொன்னேன். "ஒரு ஆளுக்கு ஐம்பதுக்கு மேல பொண்டாட்டியா டீச்சர்?" என்று சிரித்தவர்களே, அவள் பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் "பாவம்" என்றார்கள். எழுதியவர் மோர்மன்களுக்கு எதிரியா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பானு முஷ்தாக்கின் 'கருநாகங்கள்' கதையைச் சொன்னேன். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற 'ஹார்ட் லேம்ப்' தொகுதியில் உள்ள கன்னடக் கதை. கிரீஷ் காசரவள்ளி இதை 'ஹசீனா' என்ற படமாகவும் எடுத்திருக்கிறார். மூன்றும் பெண்பிள்ளைகளாகப் பெற்றதற்காக ஆஷ்ரஃபைக் கைவிட்டு இன்னொருத்தியை முடிக்கிறான் கணவன் யாகூப். நோயாளிப் பிள்ளையோடு அவள் தாபரிப்புக் கேட்டுப் பள்ளிவாசலில் வந்து குந்துகிறாள். முத்தவல்லி அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை மவுத்தாகிறது.

முடிக்க முன்னமே ஒருவர் கேட்டார்: "இத எழுதினது ஆரு? மத்த ஆக்கள் வாசிச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

கதை ஒன்றுதான், கேட்டவர்களும் அதே ஆட்கள்தான். ஆன் எலைசாவைக் கேட்டபோது நாம் வாசகர்கள். ஆஷ்ரஃபைக் கேட்டபோது குற்றவாளிக் கூண்டில் ஏறிய பிரதிவாதிகள். இந்த மாற்றத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இந்த அச்சம் வெறும் மனப்பிராந்தி அல்ல. அதற்கு மோர்மன் வரலாறே சாட்சி. ஆன் எலைசா அமெரிக்கா முழுவதும் மேடையேறிப் பலதார மணத்தைக் கண்டித்துப் பேசினார். மோர்மன் பெண்களை மீட்கிறோம் என்று பலர் கிளம்பினார்கள். 1887இல் எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் வந்தது. அது சபையின் சொத்துகளில் கைவைத்தது. அதோடு, யூட்டாவின் பெண்கள் 1870இல் பெற்றிருந்த வாக்குரிமையையும் பறித்தது. மீட்க வந்தவர்கள் மீட்கப்பட வேண்டியவர்களின் உரிமையையே எடுத்துக்கொண்டு போனார்கள். 1890இல் சபை புதிய பலதார மணங்களைக் கைவிடுவதாக அறிவித்தது.

நமக்கும் இது தெரியாத கதையல்ல. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மட பெண்களின் உடுப்பும் திருமணமும் யார் யார் வாயிலோ விழுந்தன. 2021இல் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு ஞானசார தேரர் தலைவராக நியமிக்கப்பட்டார். ஆகவே அந்த ஆசிரியையின் கேள்வியை நான் எள்ளி நகையாட மாட்டேன்.

ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? ஆஷ்ரஃப் கொடுக்கிறாள். வெளியார் பார்க்கிறார்கள் என்று நாம் கதவைச் சாத்தும்போது, அவள் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறாள். ஆன் எலைசாவுக்கும் அதுதான் நடந்தது. அவர் ஜீவனாம்சம் கேட்டார். 1877இல் நீதிமன்றம் அந்தத் திருமணமே சட்டப்படி செல்லாது என்று முடித்தது. சபை அவரைத் துரோகி என்றது. சட்டம் மனைவியே இல்லை என்றது. இரண்டுக்கும் நடுவில் அவர் கேட்ட காசு கிடைக்கவில்லை.

சூரதுன் நிஸாவின் 3ஆம் வசனம் பலதார மண அனுமதியை நீதி என்ற நிபந்தனையோடு கட்டித்தான் தந்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் நம்மட விவாக விவாகரத்துச் சட்டமோ, மறுமணம் செய்யப்போகிறவர் 30 நாட்களுக்கு முன் காழிக்கு அறிவித்தால் போதும் என்கிறது. முதல் மனைவியின் சம்மதம் தேவையில்லை. நிபந்தனை எங்கே போனது? நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் அமைக்கப்பட்டு 2018இல் அறிக்கை தந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளிலும் எத்தனை ஆஷ்ரஃப்கள் காழி நீதிமன்ற வாசலில் பிள்ளையோடு நின்றிருப்பார்கள்?

நாவலாகப் பார்த்தால் எபர்ஷோஃபின் வெற்றி, அவர் ஒரே குரலை நம்பாததில் இருக்கிறது. கடிதம், பத்திரிகைச் செய்தி, ஆய்வுக் கட்டுரை என்று பலவற்றைக் கற்பனையாக உருவாக்கி, பலரைப் பேச விடுகிறார். விசுவாசத்துக்காகக் கணவனைப் பங்கிட ஒப்புக்கொள்ளும் ஆன் எலைசாவின் தாய் எலிசபெத், கோபக்கார மகளைவிட ஆழமாக மனதில் நிற்கிறாள். இடையில் ஓடும் இக்காலத்துக் கொலைக்கதை வேகமானது. ஆனால் பழைய கதையின் மூச்சை அது அடிக்கடி அறுத்துவிடுகிறது. பானு முஷ்தாக்குக்கு அந்தப் பரப்பில்லை. ஆனால் அவர் உள்ளிருந்து எழுதுகிறார். அதற்கான விலையையும் கொடுத்தவர். பெண்கள் பள்ளிவாசலில் தொழும் உரிமையைப் பேசியதற்காக 2000இல் அவரை ஊர் விலக்கி வைத்தது.

நம்மட கரையோரத்துக் கதை இந்த இரண்டிலும் இல்லை. பிரிகம் யங்கின் மனைவியரில் பலர் அவர் கட்டிய வீட்டில் ஒன்றாக வாழ்ந்தார்கள். சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கு போய்க் குடியிருக்கிறார். அவர் இன்னொரு வீட்டுக்குப் போனால் இவளுக்குக் கூரை மிஞ்சும்; வருமானமும் வாசலில் கேட்ட செருப்புச் சத்தமும் நின்றுபோகும். அந்த வீட்டை நம்மவர் ஒருவர் நாவலாக எழுதும் நாளில், 'மத்த ஆக்கள்' என்ன நினைப்பார்கள் என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் என்ன கேட்டாள், என்ன பதில் கிடைத்தது என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து அதே ஆசிரியை என்னிடம் வந்தார். "முத்தவல்லிட பொண்டாட்டியும் அந்தக் கதையில இருக்காவாமே. அவ மறுகா என்ன செஞ்சா டீச்சர்?" என்று கேட்டார். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன்.