கை வைக்காமல் திரும்பியவன்

ராஜபாளையத்தில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் ஒரு அத்தியாயம் முடித்துவிடலாம். தினமும் அந்த பஸ்ஸில் என்னோடு வேலைக்கு வரும் நண்பர், போன வாரம் என் மடியில் இருந்த புதிய சரித்திர நாவலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதையா படிக்கிறீங்க அண்ணாச்சி? எட்டு அத்தியாயம் போயாச்சு, அவன் அவகிட்ட இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. சரியான எம்ப்டி ரெய்டு. நான் மூடி வச்சிட்டேன்."

திட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த எழுத்தாளரைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பொங்கலுக்கு ஊர்த் திடலில் கபடி பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாடிப் போனவன் யாரையும் தொடாமல் வந்தால் கூட்டம் கேலி செய்யும். புள்ளிப் பலகையில் ஒன்றும் ஏறாது. ஆனால் உள்ளே அவன் பார்த்துவிட்டு வந்தது என்ன? இடது கார்னர் எப்போது காலை முன்னால் வைக்கிறான், கவர் எவ்வளவு தூரத்தில் பாய்கிறான், செயின் போட்டவர்களின் கைப்பிடி எந்தத் திருப்பத்தில் தளர்கிறது என்பதெல்லாம்தான். அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். அதுதான் டூ ஆர் டை. அந்த மூன்றாவதுக்கு வேவு பார்ப்பதுதான் முதல் இரண்டின் வேலை.

இந்த நாவலாசிரியரின் ஆட்டம் அதுதான். பெயர் வேண்டாம், படிப்பவர்களுக்குத் தெரியும். நாயகன் நந்தவன வாசலுக்கு இரண்டு முறை வருகிறான். இரண்டு முறையும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறான். 'கதை நகரவில்லை' என்கிறார்கள். முதல் முறை அவள் செம்பை அவன் கையில் கொடுத்தாள். இரண்டாம் முறை திண்ணையில் வைத்துவிட்டு ஓரடி விலகி நின்றாள். கதை அந்த ஓரடியில் நகர்ந்துவிட்டது.

சரித்திர நாவல் என்றால் அத்தியாயக் கடைசியில் தூணுக்குப் பின்னால் யாராவது கத்தியோடு நிற்க வேண்டும் என்று பழகிவிட்டோம். அது வாரப் பத்திரிகை போட்ட விதி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. ஏழு நாள் வாசகரைப் பிடித்து வைக்க வேண்டும். வாரம் தவறாமல் டூ ஆர் டை. இன்றைக்கு நாவல் முழுப் புத்தகமாகவே கைக்கு வருகிறது. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த அத்தியாயம். பிறகும் தூணும் கத்தியும் எதற்கு? அந்த 5 பாகங்களிலும்கூட, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியில் திட்டமாகக் கை வைக்காமலே ஆசிரியர் திரும்பி வந்துவிட்டார். எழுபது வருஷமாக நாம்தான் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு இப்படித் திரும்பி வருவதைக் குறை சொல்வது அதைவிட வேடிக்கை. திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. ஆண்டாளின் 173 பாசுரங்களில் கல்யாணம் நடப்பது ஒரே பதிகத்தில், அதுவும் கனவில். மற்ற நேரமெல்லாம் நோன்பு, குயிலிடம் வேண்டுதல், மேகத்திடம் தூது. மாலைக் கதையும் அப்படியே. சூடினாள், கிணற்று நீரில் பார்த்தாள், கழற்றிக் கூடையில் வைத்தாள். பெரியாழ்வார் கண்ணில் ஒற்றைத் தலைமுடி படும்வரை வெளியே யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அதற்காக எல்லா வெறும் ரெய்டுக்கும் நான் கை தட்டமாட்டேன். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் இருக்கிறது. யாரையும் தொடாமல், அதையும் தாண்டாமல் திரும்பினால் ரெய்டரே அவுட். நாயகியின் நகைகளுக்கு நாலு பக்கம், மன்னரின் பட்டப்பெயர்களுக்கு இரண்டு பக்கம் என்று எழுதுகிறவர்கள் அந்த வகை. நடுக்கோட்டருகே நின்று மூச்சைச் செலவழிக்கிறார்கள். காதல் நாவல்களில் நேர்மாறான கூத்து: முதல் அத்தியாயத்தில் மோதல், இரண்டாவதில் கட்டாயத் தாலி. போனதும் போனஸுக்குக் காலை நீட்டி, கணுக்கால் பிடியில் விழுகிற கதை. மிச்சம் முந்நூறு பக்கமும் பெஞ்சில்.

இனி என் கணிப்பு. அடுத்த நாவலில் இவரை எல்லாரும் அவசரப்படுத்துவார்கள். ஒருமுறை வளைந்து கொடுப்பார். முதல் அத்தியாயத்திலேயே நாயகன் கையைப் பிடிப்பான். புத்தகம் நன்றாகவே விற்கும், ஆனால் யாரும் இரண்டாம் முறை எடுக்கமாட்டார்கள். அதற்கடுத்ததில் மறுபடி நந்தவன வாசலுக்கு வந்து சேருவார். இன்றைக்குச் சலித்துக்கொள்பவர்கள் அன்றைக்கு, 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பார்கள்.

கையில் இருக்கும் நாவலில் நான் இப்போது பன்னிரண்டாம் அத்தியாயம். அடுத்த சந்திப்புதான் மூன்றாவது. பதினான்குக்குள் அவன் சொல்லிவிடுவான் என்று அரை கிலோ பால்கோவா பந்தயம் கட்டியிருக்கிறேன். சொல்லவே மாட்டான் என்பது நண்பரின் கட்சி. எட்டாவதோடு மூடி வைத்தவர்தான். ஆனாலும் பஸ் ஏறியதும் தினமும் முதல் கேள்வி அவருடையது: "என்ன அண்ணாச்சி, சொல்லிட்டானா?"