நாலரையா, ஐந்தரையா?

தோட்டத்துத் தென்னங்கன்றுகளின் வேரைப் பெருச்சாளிகள் பறித்துவிடுவதைக் கண்டு மனம் நொந்தும், நள்ளிரவில் மதிலுக்கு அப்பால் நரி ஊளையிட்டதைக் கேட்டுக் குழந்தைகளை நினைத்து அஞ்சியும், அடையாற்றில் வசிக்கும் என் மருமான், "மாமா, நாலரை மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள் போதுமா, ஐந்தரை வாங்கட்டுமா?" என்று கேட்டான். காகித லக்ஷ்யத்தில் சுட்டுப் பழகியவனாயினும், இரண்டையும் அருகருகே வைத்துப் பிரயோகித்துப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்வது நியாயமாகாது என்று கருதி, ஒரே அமைப்புள்ள இரண்டு உள்நாட்டுத் துப்பாக்கிகளை ஒரு சுடுதளத்தில் ஒரு வார காலம் பரீட்சித்தேன்.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. இவற்றில் ஒன்று மிஞ்சினாலும் உரிமம் அவசியம். நான் சுட்ட ஐந்தரை, உரிமம் பெற்ற நண்பர் ஒருவருடையது. அவர் உடனிருக்கவே சுட்டேன்.

இரண்டும் குழலை மடித்து உள்ளேயிருக்கும் சுருள்வில்லை இறுக்கும் வகையைச் சேர்ந்தவை. விசையை இழுத்ததும் ரவை குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே வில்லும் அதன் முன்னுள்ள உலக்கையும் பாய்ந்து துப்பாக்கியை உலுக்கிவிடுகின்றன. ஆகையால் இறுகப் பிடிப்பவன் தவறுவான், இடக்கையில் தளர்வாகத் தாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்குபவன் தேறுவான். இந்தப் பாடத்தை இரண்டும் ஒரே கண்டிப்புடன் கற்பித்தன. விசை மட்டும் இரண்டிலும் கனமாயிருந்தது. அது ஒரு குறையே.

வித்தியாசம் ரவையில் இருக்கிறது. நாலரைக்குரிய ரவை ஏறத்தாழ அரை கிராம். ஐந்தரைக்குரியது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 15 ஜூல் ஆற்றலை இரண்டுக்கும் சமமாகக் கொடுத்தால் முன்னது வினாடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகத்திலும் பின்னது 180 மீட்டர் வேகத்திலும் புறப்படும். 25 மீட்டர் செல்வதற்குள், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், சிறியது 5 சென்டிமீட்டரும் பெரியது கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டரும் தாழ்ந்துவிடும். தூரத்தை மதிப்பிடுவதில் சிறிது பிழைத்தாலும் ஐந்தரை அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் அதன் முகப்புப் பரப்பு ஒன்றரை மடங்கு. மரப்பலகையில் அது செய்த குழியின் அகலம், சிறு பிராணியை வேதனையை நீட்டிக்காமல் வீழ்த்த அதுவே தக்கது என்பதை எனக்கு உணர்த்தியது. 10 மீட்டரிலோ நாலரைக்கு நிகரில்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்திரா தங்கம் வென்றது இந்தக் குழல் விட்டத்தில்தான். அப்போட்டியின் பத்தாம் வட்டம் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி என்பதை எண்ணினால் இச்சாதனத்தின் நுட்பம் விளங்கும்.

பிற தேசங்களில் நரியைச் சுடுவோர் இவற்றை நாடுவதில்லை; .223 போன்ற வெடிமருந்துத் தோட்டாக்களையே கொள்கிறார்கள். அவற்றினும் மிகச் சிறிய .22 தோட்டாவின் 2.6 கிராம் ஈயமே, குழல் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் செல்லவல்லது. லஸ் முனையில் புறப்பட்டால் சாந்தோம் கடற்கரையை எட்டிவிடும். வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் குழந்தைகள் விளையாடும் நகரத்தில் அதைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

மேலும் நரி நமக்குச் சத்துரு அன்று. சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவில் இன்றும் வாழும் அப்பிராணியை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. எலிகளும் பெருச்சாளிகளும் அதன் ஆகாரம். அதைச் சுட்டால் மருமான் தன் தென்னங்கன்றுகளைக் காக்கும் காவலாளியையே சுட்டவனாவான்.

ஆகவே என் தீர்ப்பு இது: நாலரை வாங்கட்டும், அதைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டிவைத்து, சுடுதளத்தில் காகிதத்தின்மேல் மட்டும் பிரயோகிக்கட்டும். இருளில் ஓடும் பெருச்சாளியைக் குறிபார்த்து அரைகுறையாய்க் காயப்படுத்துவது ஹிம்சை; அதற்குக் கருவாடு வைத்த இரும்புக் கூண்டு போதும். நரி மீண்டும் ஊளையிடும் இரவில், அது ஏன் வருகிறதென்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி, அச்சம் தெளிவித்து உறங்கவைக்கட்டும்.